டிராக்டரும் நமது சந்தேகமும்

வாப்பா விட்டுச்சென்ற பழைய டிராக்டர் அன்று கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்றொரு ஒலி மட்டுமே. நாற்றோ பறித்தாயிற்று, லுஹருக்குள் சேற்றுழவு முடிந்தாக வேண்டும். இரவு விளக்கை அணைக்காமல் விட்டு பேட்டரியைத் தீர்த்துவிட்டார் என ஓட்டுநர் தம்பியை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். பிறகுதான் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட் குறைவின்றி இருந்தது.

அவரையே சாவியைத் திருப்பச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தோம். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 4 வோல்ட்! எர்த் வயரைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் எஞ்சின் உறுமிற்று.

மன்னிப்புக் கேட்டோம். "நேரமாகிறது காக்கா" என்று மட்டும் சொல்லி, முகம் பாராமல் வயலுக்கு ஓட்டிச் சென்றார்.