மூன்றிலொரு பங்கு

பள்ளிக்கு ஊரார் கைகொடுப்பது நமக்குப் புதிதன்று. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலம், பெஞ்சு, கரும்பலகை என இயன்றதை ஈந்தார்கள். 1997இல் வந்த 'நமக்கு நாமே' திட்டமோ, பொதுவாக, செலவில் மூன்றிலொரு பங்கையே மக்களிடம் கேட்டது. அதைக் கட்டினால்தான் மிச்சத்தை அரசு தரும்.

புதுவைக்குப் போகும் வழியில் மரக்காணத்து உப்பளங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் கரைந்துவிடும். கோடை நெருங்கும்வரை கூலியில்லை. அத்தொழிலாளி மூன்றிலொரு பங்குக்கு எங்கே போவார்? கணக்கு வகுத்தவர்கள் மழைக்காலத்தில் அப்பக்கம் போனதில்லை போலும்!

2022 திசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக வெளிநாட்டிலிருந்தும் அரசுப் பள்ளிகளுக்குப் பொருளுதவலாம். கடல்கடந்து பொருளீட்டும் நம்மவர்கள் தாம் பயின்ற பள்ளியையே நினைப்பது இயல்பு, நல்லதுங்கூட. உப்பளத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கு அப்படி நினைப்பவர் எத்தனை பேர்? அவர்களுடைய பங்கை நாம் ஏற்றாலென்ன?