மாலைக்கண் உண்டா?

ஒருமுறை டெஸ்டில் பாஸாகி லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்றுதான் ரொம்ப காலம் இருந்தேன். சட்டக் கணக்கு வேறு. 2019 திருத்தத்தின்படி, முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து வருஷம். ஐம்பத்தைந்து தாண்டினால் ஐந்தைந்து வருஷந்தான்.

எனக்கு அறுபதாகப் போகிறது. லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகுமுன் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க நினைத்தேன். பிரிட்டனுக்கு வந்துபோகிறவர்கள் தங்கள் நாட்டு லைசென்ஸிலேயே பன்னிரண்டு மாதம் கார் ஓட்டலாம். "இருந்தாலும் எடுத்துட்டு வந்துருங்கப்பா, வாடகைக் காருக்குச் சில பேர் கேப்பாங்க" என்றாள் மகள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தருகிற சின்னப் புத்தகம் அது. தனியாகச் செல்லாது, லைசென்ஸையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஆயுள் அதிகம் போனால் ஒரு வருஷம். நடுவில் லைசென்ஸ் முடிந்தால் அதுவும் முடிந்தது. என் லைசென்ஸுக்கோ சில மாதங்களே பாக்கி. ஆக, முதலில் கோபி ஆர்.டி.ஓ. ஆபீஸில் புதுப்பித்தாக வேண்டும்.

நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் தரும் சான்று, படிவம் 1ஏ. அதுபோக நாமே நிரப்பிக் கையெழுத்துப் போடுகிற படிவம் 1. வலிப்பு, மயக்கம் வருமா? பகலில் 25 மீட்டர் தள்ளி இருக்கும் நம்பர் பிளேட் தெரியுமா? சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியுமா? மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவன், மாலைக்கண் உண்டா என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

சத்தி ரோட்டில் ராத்திரி எதிரே கரும்பு லாரி வந்தால், அந்த வெளிச்சத்தில் ரெண்டு மூன்று நொடி எனக்கு ரோடே தெரியாது. ஓரத்து வெள்ளைக்கோட்டைக் குத்துமதிப்பாகப் பிடித்துக்கொண்டு ஓட்டுவேன். வீட்டில் மூச்சு விட்டதில்லை. சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். மொடச்சூர் சந்தைக்குப் போகக்கூட இன்னொருத்தர் தயவுக்கு நிற்க வேண்டுமே என்ற ரோஷம்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டுக் கண் டாக்டரிடம் போனேன். "மாலைக்கண்ணெல்லாம் இல்லீங்க. ரெண்டு கண்ணுலயும் புரை. எடுத்துப்போட்டா சரியாப் போயிரும்" என்றார். ஒவ்வொரு கண்ணாகப் புரையை எடுத்து, ராத்திரி ரோட்டைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுதினேன். லைசென்ஸ் வந்தது, ஆயிரம் ரூபாய் கட்டி அனுமதியும் வாங்கினேன்.

வண்டி ஓட்டத் தெரியுமா என்பதை இன்ஸ்பெக்டர் டெஸ்ட் வைத்துப் பார்த்துக்கொள்வார். ராத்திரி எனக்கு என்ன தெரிகிறது என்பதை என்னைக் கேட்காமல் யாரால் கண்டுபிடிக்க முடியும்? என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: முடிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே புதுப்பிக்கலாம்; முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் திரும்ப டெஸ்ட். எப்போது போனாலும் படிவம் 1-ஐ மட்டும் டிரைவிங் ஸ்கூல் பையனிடம் நிரப்பக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் அவன் 'இல்லை' என்றுதான் போடுவான்.