தூய்மையும் அமானிதமும்

தூய்மை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். பள்ளிவாசல் ஹவுளின் குளிர்ந்த நீரும், ஒளுச் செய்த கைகளும், வெளுத்த ஆடையும் நம் கண்முன் நிற்கும். அழுக்கை அகற்றுவதே தூய்மை என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒன்றின் சுவடு மற்றொன்றில் ஏறாமல் காப்பதும் தூய்மைதான். ஆய்வுக்கூடங்களில் மாதிரிகளைக் கையாள்வோர் நாள்தோறும் பேணவேண்டிய தூய்மை இது. அதைப் பேணத் தவறினால் எவ்வளவு பெரிய அநீதி விளையும் என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையிலுள்ள நெல்லிக்குப்பத்தை அறியாத கரும்பு விவசாயி தென்னார்க்காட்டில் இரார். பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை அங்கே தோன்றியது 1842-ஆம் ஆண்டில். அரவைப் பருவத்தில் கரும்பு வண்டிகளின் வரிசையையும், காற்றில் கலந்து வரும் பாகின் மணத்தையும் அவ்வழியே சென்றவர் யாவரும் அறிவர். ஆனால் அத்தகைய ஆலைகளுக்குள் அமைந்துள்ள ஆய்வுக்கூடத்தைக் கண்டவர் சிலரே. அரவை இயந்திரத்தின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு சிறிய அறை. அதில் கண்ணாடிக் குழாய்களும், முகவைகளும், ஒளியைக் கொண்டு சர்க்கரையை அளக்கும் போலாரிமீட்டரும் இருக்கும். ஆலை தன்னைத்தானே அறிந்துகொள்வது அந்த அறையின் வழியாகத்தான். அத்தகைய அறைகளில் சில பருவங்களைக் கழித்தவர் நாம் ஆதலின், அங்குக் கண்டதையும் கற்றதையும் வாசகர்முன் வைக்கிறோம்.

முதல் உருளையில் பிழிந்த சாறு, கடைசி உருளையில் பிழிந்த சாறு, சக்கை, வடிகட்டியில் தங்கும் மண்டி, காய்ச்சிய பாகு, கழிவுப்பாகு என்று மாதிரிகள் மணிக்கு மணி அந்த அறைக்கு வந்துகொண்டே இருக்கும். ஒன்றில் சர்க்கரை மிகுதி. மற்றொன்றில் மிகக் குறைவு. இதில்தான் ஆபத்து இருக்கிறது. கடைசி உருளையின் சாற்றில் கரைபொருள் 100-க்கு 3 பங்கு என்று கொள்வோம். பாகிலோ 60 பங்கு. பாகு இருந்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல், அதிலேயே அந்தச் சாற்றில் 100 மில்லி லிட்டரைப் பிடித்தால், ஒட்டியிருந்த ஒரு மில்லி லிட்டர் பாகு மூன்றை ஏறத்தாழ 3.6 ஆக்கிவிடும். அளவு ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடுகிறது! கண்ணுக்கோ எந்த வேறுபாடும் தெரியாது. உருளைகள் செம்மையாகப் பிழிந்திருந்தும் சரியாகப் பிழியவில்லை என்னும் பழியை அவை சுமக்க நேரும்.

ஆகவேதான் மாதிரிக்கு ஒரு பாத்திரம் என்றும், பாத்திரத்திற்கு ஒரு பெயர் என்றும் விதி வகுத்தனர். போலாரிமீட்டர்க் குழாயை அளக்கப்போகும் கரைசலைக் கொண்டே இரண்டு மூன்று முறை அலசவேண்டும். வெறும் நீரால் அலசி விட்டால் எஞ்சிய துளி கரைசலை நீர்த்துவிடும். வடிதாளின் வழியே முதலில் இறங்கும் சிறிது திரவத்தைக் கொட்டிவிட்டுப் பின்னர் வருவதையே சேர்க்கவேண்டும். சாறு பிடித்த பாத்திரத்தைக் கழுவாமல் வைத்தால் மற்றொரு கேடும் உண்டு. அதில் லியூகோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் பெருகி, அடுத்து வரும் சாற்றின் சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்னும் வழுவழுப்பான பொருளை உண்டாக்குகிறது. டெக்ஸ்ட்ரான் ஒளியைச் சர்க்கரையைவிட மிகுதியாக வலப்புறம் திருப்பும். சர்க்கரை குறைந்திருக்க, கருவியோ கூடியிருப்பதாகச் சாட்சி சொல்லும்.

இவற்றையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. 2022-23 பருவத்திற்கு நடுவண் அரசு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டால் கரும்பு 305 ரூபாய் என்று விலை குறித்தது. அதற்கு மேல் உயரும் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டிற்கும் 3 ரூபாய் 5 காசு கூட்டியது. ஆலையின் பிழிதிறன் உயரவேண்டுமானால், சர்க்கரை எங்கே நழுவுகிறது என்பது தெரியவேண்டும். சக்கையிலா, மண்டியிலா, கழிவுப்பாகிலா என்று சொல்லக்கூடியது ஆய்வுக்கூடத்தின் எண் ஒன்றே. அந்த எண் பொய்த்தால், ஓட்டை ஓரிடத்தில் இருக்க அடைப்பது வேறிடத்தில் என்றாகிவிடும். அதன் இழப்பு ஓராண்டு முழுதும் வயலில் நின்றவனின் தலையில் விடியும். அவன் அந்த அறையை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டான்.

ஒரு நிகழ்ச்சியை இங்குக் கூறலாம். ஆலையின் பெயர் வேண்டாம். சாற்றைக் காய்ச்சும்போது எழும் ஆவியைக் குளிர்வித்துப் பெறும் சுடுநீரைக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்புவது சர்க்கரை ஆலைகளின் வழக்கம். அந்நீரில் சர்க்கரை கலந்திருந்தால் அது கொதிகலனுக்குள் சிதைந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். எனவே அந்நீரில் சிறிது எடுத்து, ஆல்பா நாப்தால் சில துளிகள் விட்டு, குழாயின் ஓரமாகக் கந்தக அமிலத்தை இறக்குவர். சர்க்கரை இருந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றும். பத்து லட்சத்தில் சில பங்கு சர்க்கரையையும் காட்டிக்கொடுக்கும் சோதனை அது.

ஓரிரவு வந்த நீரெல்லாம் ஊதாவாயிற்று. கொதிகலனுக்குப் போகவேண்டிய நல்ல சுடுநீர் மணிக்கணக்கில் சாக்கடைக்குப் போயிற்று. பொறியாளர்கள் காய்ச்சும் கலங்களில் ஓட்டை தேடிக் களைத்தனர். காலையில் வந்த முதிய வேதியியலர் முதலில் காய்ச்சி வடித்த நீரை ஒரு குழாயில் ஊற்றி அதே சோதனையைச் செய்தார். அதுவும் ஊதா! குழாய்களைக் கழுவியபின் புதிய பையன் ஒருவன் பஞ்சுத்துணியால் உட்புறத்தைத் துடைத்து வைத்திருந்தான். பருத்தி இழையும் அந்தச் சோதனைக்குச் சர்க்கரையின் உறவினமே. பையனின் எண்ணம் தூயது. துணியும் வெளுத்த துணியே. ஆயினும் சோதனை கெட்டது.

'சுத்தமாக இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது, 'எதிலிருந்து சுத்தம்?' என்று கேட்கவேண்டும் என்பதை அன்று நாம் உணர்ந்தோம். நம் மார்க்க அறிஞர்கள் இந்த நுட்பத்தை என்றோ வகுத்துவிட்டனர். பன்னீர் தூயதுதான், ஆடையில் தெளிக்கலாம், பருகவும் செய்யலாம். ஆனால் பன்னீரால் ஒளுச் செய்தால் நிறைவேறாது என்பதே பெரும்பாலோர் தீர்ப்பு. தான் தூயதாக இருப்பது வேறு; ஒரு காரியத்திற்குத் தகுதியான தூய்மை வேறு.

இந்த வேறுபாட்டை மறந்ததன் விலையை ஜெர்மனி நாடு கொடுத்தது. 2007 ஏப்ரலில் ஹைல்பிரான் நகரில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்குப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்த தடயத்தில் ஒரு பெண்ணின் மரபணு கிடைத்தது. அதே மரபணு ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு நாடுகளில் ஏறத்தாழ 40 குற்ற இடங்களிலும் தென்பட்டது. கொலை, களவு என எங்கும் அவள்! ஊர் ஊராகத் திரியும் ரோமா மக்கள்மீது ஐயம் பாய்ந்தது. ஒரு சமூகமே பழி சுமந்தது. 2009 மார்ச்சில் உண்மை வெளிப்பட்டது. அப்படியொரு குற்றவாளி உலகில் இல்லவே இல்லை. பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த பெண்ணின் மரபணு அது. குச்சிகளில் கிருமிகள் நீக்கப்பட்டிருந்தன, மரபணு நீக்கப்படவில்லை. கிருமியிலிருந்து தூய்மை, மனிதச் சுவட்டிலிருந்து தூய்மையன்று! கொலையின் பின்னிருந்த இனவெறிக் கும்பல் 2011-இல்தான் வெளிச்சத்திற்கு வந்தது. மரபணுச் சேகரிப்புக் கருவிகளுக்கென்று உலகத் தர அமைப்பு தனி விதி வகுத்தது 2016-இல்.

இதற்கு நேர்மாறான காட்சியை 2020 பிப்ரவரியில் கண்டோம். கொரோனாவைக் கண்டறிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய சோதனைப் பொதிகள் பல ஆய்வுக்கூடங்களில், வைரஸ் இல்லாத வெறும் மாதிரியிலும் வைரஸ் உண்டு என்றன. பொதியின் ஒரு பகுதியில் கலப்பு நேர்ந்திருந்தது. மற்றொரு பகுதியின் அமைப்பிலேயே குறை இருந்தது. பரிசோதனைகள் வாரக்கணக்கில் தாமதமாயின, அது பேரிழப்பே. ஆயினும் தவறு சில நாட்களில் பிடிபட்டதே, ஏன்? வெறும் மாதிரியை உடன் வைத்துச் சோதித்ததால். ஹைல்பிரானில் பயன்படுத்தாத குச்சி ஒன்றைத் தொடக்கத்திலேயே சோதித்திருந்தால், இல்லாத அந்தப் பெண்ணைத் தேடி இத்தனை ஆண்டுகள் வீணாகியிரா. முதிய வேதியியலர் ஊற்றிய காய்ச்சி வடித்த நீரும் அதே வேலையைத்தான் செய்தது. பிறர் கொண்டுவந்த மாதிரியை விசாரிக்குமுன் தன் கையைத் தானே விசாரித்துக்கொள்ளும் செயல் அது.

கையை விசாரிப்பது நமக்குப் புதிதன்று. உறங்கி எழுந்தவர் மும்முறை கை கழுவுமுன் அதைப் பாத்திரத்திற்குள் இடலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதற்கு அவர்கள் கூறிய காரணமே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கை அசுத்தமாகிவிட்டது என்று அவர்கள் கூறவில்லை. அது இரவில் எங்கே இருந்தது என்பதை அவர் அறியமாட்டார் என்பதே காரணம். கண்ட அழுக்கைக் கழுவுவது யாருக்கும் இயல்பு. காணாததையும் மனத்தில் கொண்டு கழுவுவது அறியாமையை ஒப்புக்கொள்ளும் பணிவு. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய உறிஞ்சுகுழல் முனை, கையுறை மாற்றம், தூய மாதிரியை முதலிலும் செறிந்த மாதிரியைக் கடைசியிலும் எடுக்கும் ஒழுங்கு ஆகிய இவையெல்லாம் அந்தப் பணிவின் கிளைகளே.

'அப்படியானால் ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதா?' என்று கேட்கலாம். இல்லை. ஒளு முறிந்ததோ முறிந்ததோ என்று ஹவுளைவிட்டு எழாதவரை வஸ்வாஸ் பிடித்தவர் என்போம். வெறும் ஐயத்தால் உறுதி நீங்காது என்பது நம் சட்டவியலின் அடிப்படை. ஆய்வுக்கூடத்தில் அந்த உறுதியைத் தருவது வெறும் மாதிரிதான். அது மாறாமல் நின்றால் மேலே செல்லலாம். மாறினால் வெட்கப்படாமல் நின்றுவிடவேண்டும். அன்றைய எண்கள் அனைத்தையும் அடித்துவிட்டு மீண்டும் தொடங்குவதில் இழுக்கு ஏதுமில்லை.

மாதிரி என்பது ஓர் அமானிதம். அதன் உரியவர் அந்த அறையில் இருப்பதில்லை. கரும்பு விளைவித்தவர் வயலில் இருக்கிறார். இரத்தம் கொடுத்த நோயாளி மருத்துவமனையின் வெளிவாசலில் முடிவுக்காகக் காத்திருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் சிறையில் இருக்கிறார். குழாய் கழுவப்பட்டதா என்று கேட்க அவர்களுக்கு வழியில்லை. முடிவு தவறென்று வாதாட அறிவும் இல்லை. அவர்கள் சார்பில் அங்கே நிற்பது, நள்ளிரவுப் பணியில் தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையிலும், யாரும் பார்க்காதபோதும், அடுத்த மாதிரியைத் தொடுமுன் குழாயை மும்முறை அலசும் ஒரு கை மட்டுமே.