பைசா வாங்காத கைடு: தேவாரம் முதல் போடி வரை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், கோட்டை வாசலில் தொடங்கி ஹோலிரூட் அரண்மனை வரை இறங்கும் வீதிக்கு ராயல் மைல் என்று பெயர். அங்கே கைடுகள் கூட்டம் சேர்த்து, சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லி நடத்திப் போவார்கள். பகலில் நகரசபை உறுப்பினர், இரவில் கன்னக்கோல் என்று வாழ்ந்து 1788-இல் தூக்கில் தொங்கிய வில்லியம் பிரோடியின் கதை வரும். பழைய சிறை இருந்த இடத்தில் தரையில் இதய வடிவில் கல் பதித்திருக்கிறார்கள். அதன் மேல் எச்சில் துப்பிவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். துப்புவதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதைக் காட்டிக் காசும் பார்க்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த விஷயத்தில் இட ஒதுக்கீடு கிடையாது. எல்லா இடமும் பொது.

கதைக்குப் பஞ்சமே இல்லாத நம் மலையடிவாரத்துக்குத்தான் கைடு இல்லை. இன்றைக்கு அந்த வேலையை நான் பார்க்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

விடிவதற்கு முன்பே தேவாரத்தில் நின்றாக வேண்டும். தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்துப் பேரூராட்சி. மேற்கே நிமிர்ந்தால் மலை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்ற ஜீப்புகள் உறுமிக்கொண்டு நிற்கும். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு இங்கே ஒரே விதிதான்: டிரைவருக்கு ஸ்டீயரிங் தென்பட்டால் இன்னும் ஒருவர் ஏறலாம். "அக்கா, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க." "இன்னும் எங்கிட்டுப்பா தள்ள, இஞ்சினுக்குள்ளயா?" தூக்குச்சட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு அந்த அக்கா கேட்கும் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. ஜீப் கிளம்பிவிடும்.

போகிற இடம் என்னவோ தலைக்கு நேர் மேலேதான். சாக்குலூத்து மெட்டு வழியாக ஏறினால் கேரளம். ஆனால் அது இன்னும் ஒழுங்கான ரோடு ஆகாத மலைப்பாதை. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் அந்த ரோடு மேடை வரைக்கும் வரும், மைக்கைத் தாண்டாது. அதனால் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று ஊரைச் சுற்றிக்கொண்டு, வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலைக்குப் போகின்றன.

பக்கத்தில் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். அங்கே கைடு தேவையில்லை, டீக்கடை ரேடியோ போதும். நாம் எதிர்த்திசையில் போடி பஸ்ஸைப் பிடிப்போம். இடது பக்கச் சன்னலைப் பிடித்துவிடுங்கள்; வழி நெடுக மலை கூடவே வரும்.

போடியில் முதல் நிறுத்தம் ரயில் நிலையம். மதுரையிலிருந்து இங்கே ரயில் வந்தது 1928-இல். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் ஏராளம். தண்டவாளத்தை அனுப்பிய ஊர் இது. 1950-களில் அது திரும்பி வந்தது. பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியோடு ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2023 ஜூன் 15-இல். ரயில் நின்ற அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அதற்குள் ப்ளஸ் டூ முடித்துவிட்டது.

ஸ்டேஷனில் நின்றபடியே மலையைப் பாருங்கள். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். மூணாறு தேயிலையைக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டியை மாடுகளை விட்டு இழுக்க வைத்தார்கள். 1908-இல் அது குட்டி ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனில் இறக்கிய பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து வண்டியேறி போடி, பிறகு தூத்துக்குடி, கப்பல், பிரிட்டன். தேயிலைக்கு ஆகாய மார்க்கம், அதைப் பறித்தவர்களுக்கு நடராஜா சர்வீஸ். 1924 வெள்ளம் குட்டி ரயிலைக் கொண்டுபோய்விட்டது. தோட்டங்களை நடத்திய ஃபின்லே கம்பெனி கிளாஸ்கோக்காரர்களுடையது. ஆக, ராயல் மைல் கைடின் கொள்ளுத்தாத்தா தொண்டை நனைத்த டீயில் ஒரு வாயாவது நம் கொட்டகுடி வழியாகப் போயிருக்கும் என்பது என் கட்சி. அந்த நன்றிக்கு அந்தக் கைடு நம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம், சொல்வதாகத் தெரியவில்லை.

ஜமீன் அரண்மனை அடுத்தது. மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களில் போடியும் ஒன்று. உள்ளே சுவரில் இராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. வெளியே நின்று சத்தம் போட்டால் ராமர் வர மாட்டார், வாட்ச்மேன் வருவார். நகருங்கள்.

இனி மூக்கு காட்டுகிற வழியில் நடந்தால் போதும். ஏலக்காய்க் கடைகள். இங்கே அதை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் வெளியூர். உள்ளூருக்கு அது வெறும் 'காய்'. மலையில் பறித்த பச்சைக்காய் நாலைந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். அது மூட்டையாக இறங்கி, சலித்து, பொறுக்கி, அளவுவாரியாகப் பிரிகிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் விரல்களைக் கவனியுங்கள். கண் அடுத்த வீட்டுக் கல்யாணக் கதையில் இருக்கும். விரல் மட்டும் வெடித்த காயைத் தனியே தள்ளிக்கொண்டிருக்கும். எட்டு எம்எம் பருமன் உள்ள பச்சைக்காய்க்குத்தான் ராஜமரியாதை. அது வடக்கேயும் அரபு நாடுகளுக்கும் போய்விடும். போடியில் டீ குடித்துப் பாருங்கள், கேட்டு வாங்கினாலொழிய அதில் காய் இருக்காது.

வெளியிலிருந்து வந்து, இங்கே தேர்வாகி, பெரிய இடத்துக்குப் போவது காய் மட்டுமல்ல. ஜெயலலிதா முதன்முதலில் சட்டமன்றத்துக்குப் போனது 1989-இல் போடி தொகுதியில் ஜெயித்துத்தான். முதல்வர் நாற்காலியில் ஓ. பன்னீர்செல்வம் உட்கார்ந்தபோதும் (2014, 2016) இந்தத் தொகுதிதான் கைகொடுத்தது.

கூவிக் கூவி எடுத்த ஏலம் 2007 முதல் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம். சாம்பிள் காய் வியாபாரி முன்னால் வரும். உள்ளங்கையில் கொட்டிக் குலுக்குவார், ஒன்றை நகத்தால் பிளந்து அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார், வாயில் போடுவார், பட்டனைத் தட்டுவார். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்தச் சமயத்தில் பாயசத்தில் முழுக்காய் கிடைத்தவர்கள் அதைத் துப்பாமல் பையில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

வந்தது வந்தீர்கள், கால் கிலோ வாங்காமல் போகாதீர்கள். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். பச்சை விரலில் ஒட்டினால் அது சாயம், கீழே வைத்துவிடுங்கள். "சென்னையிலேருந்து வந்திருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நேத்து ஏலத்துல சராசரி என்ன போச்சு?" என்று ஆரம்பியுங்கள். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எத்தனை மூட்டைண்ணே வேணும்?" என்பார். அப்போது கால் கிலோ என்று சொல்லும் தைரியத்தை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். கைடு நான் அடுத்த கடை வாசலில் நிற்பேன்.