அதிர்வைத் தாங்குகிறவர்கள்



போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கியரை மாற்றும்போது வண்டியின் என்ஜின் குலுங்குகிறது. ஆயினும் அதை எவரும் நேரடியாகச் சட்டத்தோடு முடுக்குவதில்லை. இரண்டு இரும்புகளுக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்த மவுண்டிங்குகள் இருக்கின்றன. என்ஜினின் பாரத்தைச் சுமப்பதும், அதன் அதிர்வு உள்ளே அமர்ந்திருப்பவர்களை எட்டாதபடி தன்னுள் வாங்கிக்கொள்வதும் அவற்றின் ஊழியம்.

வெப்பம் அந்த ரப்பரை இறுக்கி வெடிப்புண்டாக்கும். கசியும் எண்ணெய் அதை இளக்கிவிடும். அப்போது ஸ்டியரிங் நடுங்கும். கிளட்சை விடும்போது "தட்" என்று ஓசை எழும். சத்தம் கேட்கும் இடம் ஒன்று, தேய்ந்த இடம் வேறொன்று.

சென்ற வாரம், தொழில் அறிந்த சகோதரர் ஒருவரோடு சேர்ந்து, வீட்டு முற்றத்திலேயே இந்தப் புஷ்ஷை மாற்றினோம். என்ஜின் குளிரும்வரை காத்திருந்தோம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். பின்பு ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் என்ஜினைச் சற்றே தாங்கினோம். அதன் பிறகே பழைய மவுண்டிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தினோம். புதியதைப் பொருத்தியவுடன் முழுவதும் முடுக்கவில்லை. என்ஜினின் பாரம் அதன்மேல் இயல்பாக அமர்ந்த பின்னரே இறுக்கினோம். இல்லையேல் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும்.

பிரியமானவர்களே, ஒவ்வொரு குடும்பத்திலும் சபையிலும் இப்படி நடுவே நிற்கிற ஒருவர் உண்டு. தகப்பனின் கோபத்தையும் பிள்ளைகளின் பிடிவாதத்தையும் தனக்குள் வாங்கிக்கொள்ளும் தாய். இரு தரப்பின் வார்த்தைகளையும் கேட்டு, எதையும் மறுபுறம் கடத்தாத மூப்பர். அவர்கள் தாங்கும் வரையில் அவர்களை நாம் நினைப்பதில்லை. அவர்கள் தளர்ந்து ஒருநாள் கடிந்து பேசினால், "இவருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கிறோம்.

அத்தகையோரிடம் "சற்று ஓய்வெடுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் ஜாக்கி வைக்காமல் புஷ்ஷைக் கழற்ற இயலாது. பாரத்தை வேறொருவர் ஏற்காதவரை சுமக்கிறவருக்கு இளைப்பாறுதல் இல்லை. ரெவிதீமில் மோசேயின் கைகள் அசந்துபோனபோது, ஆரோனும் ஊரும் அவருக்கு ஆறுதல் சொல்லி நின்றுவிடவில்லை. அவர் உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். இருபுறமும் நின்று, சூரியன் மறையும்வரை அவர் கைகளைத் தாங்கினார்கள்.

இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் அதிர்வைத் தாங்குகிறவர் யாரென்று கண்டறியுங்கள். அவருடைய ஒரு பாரத்தை, ஒரு நாளுக்காகிலும், உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெபம்: எங்கள் பாரங்களைச் சுமக்கிற ஆண்டவரே, எங்களைச் சுமந்து களைத்தவர்களைக் காணும் கண்களையும், அவர்களைத் தாங்கும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.