பாகவதர் வழக்கும் அப்பீல் உரிமையும்

எங்கள் சேலையூர் பக்கத்துக் காலை நடை கோஷ்டியில் தியாகராஜ பாகவதர் பேச்சு வந்தால், யாராவது ஒருவர், "பணம் இருந்தது, சீமை வரை போய் கேஸை உடைத்துவிட்டார்" என்று முடித்துவிடுவார். எனக்கு அதில் உடன்பாடில்லை. என்ன நடந்தது என்று ஒருமுறை வரிசையாகப் பார்ப்போம்.

'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கொலைச் சதியில் சேர்ந்ததாகப் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். அப்போது சென்னையில் இப்படிப்பட்ட வழக்கை ஹைகோர்ட்டே ஜூரி வைத்து விசாரிக்கும். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. கோவை ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். அதே ஹைகோர்ட்டில் போட்ட அப்பீலும் தள்ளுபடி.

பிறகு லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே "இவர்கள் நிரபராதிகள்" என்று யாரும் சொல்லவில்லை. அப்பீலை விசாரிக்க வேண்டிய முறையில் விசாரிக்கவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். நீதிபதிகள் ஹேப்பலும் ஷஹாபுதீனும் சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டார்கள். அரசுத் தரப்புச் சாட்சியை நம்பித் தண்டிக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே ட்ரேஃபுஸ் என்ற ராணுவ அதிகாரியின் கதையைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. 1894-இல் அவரது வக்கீலுக்குக் காட்டாமலே ஒரு ரகசியக் கட்டு நீதிபதிகள் கையில் கொடுக்கப்பட்டது. அவர் குற்றமற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1906 ஆயிற்று. அந்தப் பிரான்சிலேயே ஜூரி சொன்ன தீர்ப்பின் மேல் முழு அப்பீல் உரிமை 2001-இல்தான் வந்தது.

ஆபீஸில் 17(பி) கோப்பு பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆள் தப்பு செய்தானா இல்லையா என்பது ஒன்று. அவனுக்குக் காகிதம் காட்டி, விளக்கம் கேட்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டோமா என்பது வேறொன்று. இரண்டாவது சரியில்லை என்றால் முதலாவதை எப்படி நம்புவது? ஓட்டை என்று நாம் கேலி செய்வது உண்மையில் ஒரு காவல்.

ஆனாலும் அப்பீல் எல்லாவற்றையும் திருப்பித் தருவதில்லை. தீர்ப்புக்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய இரண்டு வருடம் சிறை. கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். 'ஹரிதாஸ்' படத்தால் உச்சியில் இருந்த பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. 1959-இல் போய்விட்டார்.

பணம் பற்றிய பேச்சில் ஓர் உண்மை மட்டும் இருக்கிறது. அன்று பணமில்லாதவன் லண்டனுக்கு எப்படிப் போவான்? இன்று காவலில் இருப்பவர் எவருக்கும் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். அப்பீல் மனுவைச் சிறை அதிகாரி மூலமே கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், செஷன்ஸ் தண்டித்தால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். நம் தெருவில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு துயரம் வந்தால், "அவன் அப்படித்தான்" என்று சொல்வதற்கு முன் இந்த நாள் கணக்கைச் சொல்லிவிட்டு வாருங்கள்.