கரடிக்கு எந்தத் துவக்கு?

சிவபூசையிலே கரடி புகுந்தாற்போல என்னும் பழமொழியை நாள்தோறும் வாயிற் கொண்டிருக்கிறோமேயன்றி, கரடியை நேரிற் கண்டவர் எமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மிகச் சிலர். பழமொழியில் வருங் கரடி விலங்கன்று, கரடிகை என்னும் பறையே என்று சாதிப்பாரும் உளர். பனந்தோப்புகளும் கிடுகு வேலிகளும் நிறைந்த வலிகாமத்திலே கரடிக்கு என்ன வேலை? ஆயினும், குடாநாடு கிழக்கே நீண்டு நீண்டு, ஒடுங்கி, மணலாய்த் தேய்ந்து வன்னிப் பெருநிலத்தைத் தொடும் இடமொன்று உண்டு. அதுவே சுண்டிக்குளம். அங்கு களப்பின் இக்கரையிலே வலைகாயும். அக்கரையிலே காடு தொடங்கும். அக்காட்டிலே கரடி உண்டு.

சென்ற ஆனி மாதத்து விடுமுறை நாளொன்றிலே நாம் அவ்விடஞ் செல்ல நேர்ந்தது. காட்சி காண்பது மட்டும் நோக்கமன்று. களப்பின் தெற்கே காட்டோரத்துக் குடியிருப்பொன்றில் வயலும் தோட்டமும் செய்துவரும் எமது அம்மான், துவக்கு அனுமதிப்பத்திரம் பெறுதற்கு விண்ணப்பம் எழுதித் தரவேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். அயலிலே இளைஞனொருவனைக் கரடி கடித்துக் குதறிவிட்டதாம். “நீ படிச்சனி, வடிவாய் எழுதுவாய்” என்பது அவர் சொல். நாம் கல்லூரியிலே கற்பிப்பது தமிழும் வரலாறுமே. துவக்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆகவே, பௌதிகம் கற்பிக்கும் நண்பரையுந் துணைக்கு அழைத்தோம். அவருடைய மகனும் கேளாமலே வண்டியில் ஏறிக்கொண்டான்.

பையனுக்கு வயது பதினைந்து. அமெரிக்கக் ‘கௌபோய்’ படங்களிலே பைத்தியம். சாவகச்சேரி கடக்குமுன்னரே தன் அறிவையெல்லாம் அவிழ்த்துவிட்டான். 1873 ஆம் ஆண்டிலே கோல்ற் நிறுவனத்தாரின் ஆறு தோட்டாச் சுழல் துப்பாக்கி வந்தது. அதே ஆண்டில் வின்செஸ்ரர் றைபிளும் வந்தது. இன்றும் அந்நாட்டார் பழங்கால உடையணிந்து, அவ்வகைத் துவக்குகளைக் கொண்டு இரும்புத் தகடுகளைச் சுட்டுப் போட்டி நடத்துகின்றனர். அதற்கென 1987 ஆம் ஆண்டு தொட்டுச் சங்கமும் உண்டு. ஒருவர் இரண்டு சுழல் துப்பாக்கிகளும், ஒரு றைபிளும், ஒரு சன்னத் துவக்குமாக நான்கு ஆயுதங்கள் கொண்டுவர வேண்டுமாம். “அப்புவுக்கு .45 நல்லதோ, .44 நல்லதோ மாஸ்ரர்?” என்று எம்மைக் கேட்டான். நாம் நண்பரைப் பார்த்தோம்.

நண்பர் விளக்கியதை வாசகர்க்குஞ் சொல்லுவோம். .45 என்பது அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு விட்டமுடைய குண்டு. வின்செஸ்ரரின் .44-40 என்பதிலே முன்னது விட்டம், பின்னது மருந்தின் நிறை, நாற்பது கிறெயின். ‘பன்னிரண்டு போர்’ என்று நம்மவர் வழங்குஞ் சன்னத் துவக்கின் கணக்கோ வேறு. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எந்தக் குழாயிற் பொருந்துமோ, அதுவே பன்னிரண்டு போர். ஆதலால் எண் பெருகப் பெருகக் குழாய் சிறுக்கும்; பதினாறு போர் பன்னிரண்டிலுஞ் சிறியது. “பரீட்சையிலே கேட்டால் எல்லாரும் பிழைவிடுவார்கள்” என்று நண்பர் மகிழ்ந்துகொண்டார்.

போட்டித் துவக்குங் கரடித் துவக்கும் ஒன்றாகா என்பதையும் அவரே காட்டினார். போட்டியிலே விரைவாகச் சுடவேண்டும், துவக்கு உதைக்கக்கூடாது, தகட்டிற் பட்ட குண்டு திரும்பி ஆளைத் தாக்கக்கூடாது. ஆகையால் மெல்லிய ஈயக் குண்டும் குறைந்த மருந்துமே விதி. சுழல் துப்பாக்கிக் குண்டு செக்கனுக்கு ஆயிரம் அடி வேகத்தைத் தாண்டலாகாது. குண்டின் நிறை இரட்டித்தால் அதன் வலு இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும். கரடி உலவும் மலைகளிலே திரியும் அமெரிக்கர் போட்டித் தோட்டாவை ஒதுக்கி, 1955 இல் வெளிவந்த .44 மக்னம் போன்ற உரத்த தோட்டாக்களையோ, 1873 ஆம் ஆண்டுப் பட்டாளத்துத் தோட்டாவாகிய .45-70 ஐயோ நாடுவதன் காரணம் இதுவே.

இவ்வளவு பேச்சும் முடிவதற்குள் முகமாலை கடந்துவிட்டது. மிதிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடந்த அந்நிலத்தைக் கடக்கும்போது துவக்குப் பேச்சு தானாகவே நின்றது. பையன் மாத்திரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பளை கடந்து புதுக்காட்டுச் சந்தியிலே பெருவீதியை விட்டுக் கிழக்கே திரும்பினோம். மருதங்கேணியில் கடல் தெரிந்தது. அங்கிருந்து தெற்கு நோக்கி வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்னும் ஊர்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் வெண்மணற் குன்றுகளும், வடலிகளும், தாழம்புதர்களும். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இக்கரையை வாரிச் சென்றது. எஞ்சியதை 2009 வரை நீடித்த யுத்தம் கொண்டு சென்றது. கூரையிழந்த சுவர்களுக்கு அருகே புதிய வீடுகள் நிற்கின்றன. ஒரு வீட்டு வாசலிலே ஆச்சியொருவர் கருவாட்டுக்குக் காகங் கலைத்துக்கொண்டிருந்தார். வழி கேட்டதற்கு, “நேர போங்கோ, றோட்டு முடியிற இடந்தான்” என்றார்.

வீதி உண்மையிலேயே அங்கு முடிகிறது. சுண்டிக்குளம் 1938 இலே பறவைகள் சரணாலயமாயிற்று. 2015 இலே தேசிய வனமாயிற்று. நெடுந்தீவிலே பறங்கியர் ஒல்லாந்தர் காலத்து மிச்சமென்று சொல்லப்படுங் குதிரைகள் மேயும் நிலப்பகுதியும் அதே 2015 இலேதான் தேசிய வனமாயிற்று. கௌபோய்க்கு வேண்டிய குதிரை குடாநாட்டின் மேற்கு முனைக்கு அப்பாலும், கரடி கிழக்கு முனைக்கு அப்பாலும் இருப்பதைப் பையனுக்குச் சொன்னபோது அவன் மிகவும் மகிழ்ந்தான். மாரிகாலத்திலே வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்குங் களப்பு, ஆனி வெயிலிலே சுருங்கி, ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. நீருக்கு அப்பால், கண்ணாப் புதர்களுக்கு மேலாக, கருநிறக் கோடொன்று தெரிந்தது. அதுதான் காடு.

அம்மான் எமக்கு முன்னரே வந்து, உறவினரொருவரின் வாடியிலே காத்திருந்தார். வயது எழுபத்துநான்கு. இடக் கண் இல்லை. நெற்றி தொடங்கித் தாடைவரை தோல் சுருங்கி இழுபட்டிருக்கும். சிறுவயதிலே அம்முகத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம், காரணங் கேட்டதில்லை. “கரடி” என்று பெரியோர் சொன்ன ஒரு சொல்லோடு அமைந்துவிட்டோம். பையனுக்கு அந்தக் கூச்சமில்லை. ஓலைப் பெட்டியிலே அவர் கொண்டுவந்திருந்த பாலைப்பழத்தைத் தின்று, உதடு ஒட்டிய நிலையிலேயே, “அப்பு, என்ன துவக்கு வைச்சிருந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டான்.

அவர் சிரித்தார். 1973 ஆம் ஆண்டு, தமக்கு இருபத்துச் சொச்சம் வயது என்றார். பயிர்க்காவலுக்கென்று தந்தையார் பெயரிலே அனுமதி பெற்ற ஒற்றைக்குழாய்ப் பன்னிரண்டு போர்த் துவக்கு. பாலைப்பழக் காலம். தமையனோடு விடியற்காலையிலே பழம் பறிக்கப் போகின்றார். வழியிலே காட்டுக்கோழி கிடைக்குமென்று ஆறாம் நம்பர்த் தோட்டாவைப் போட்டிருக்கின்றார். பாலை மரத்தின் கிளையிலே கரியதொன்று அசைகின்றது. பழந்தின்ன ஏறிய கரடி. இருபது யார் தூரம். சுட்டுவிட்டார்.

நண்பர் தலையிற் கைவைத்துக்கொண்டார். ஆறாம் நம்பர்ச் சன்னம் ஓர் அவுன்சுக்கு ஏறக்குறைய 270 கொண்டது. புறாவுக்கும் கோழிக்கும் உரியது. எஸ்.ஜி. என்னும் பெருஞ்சன்னமோ அவுன்சுக்கு எட்டே, எல்.ஜி. ஆறே. நீண்டடர்ந்த மயிர்க்கற்றையுந் தடித்த தோலுமுடைய விலங்கின்மீது கோழிச் சன்னம் என்ன செய்யும்? எரிச்சலூட்டும், அவ்வளவே.

“மரத்தாலை வழுக்கிக்கொண்டு இறங்கினது. மற்றத் தோட்டா மடியிலை. எடுக்கிறதுக்கு நேரம் எங்கை?” என்றார் அம்மான். கரடி முகத்தையே நாடும். தமையனார் கைக்கோடாலியை மரத்திலே ஓங்கி ஓங்கி அடித்துக் குழறியிருக்கின்றார். அந்த ஓசைக்கே அது விட்டுவிட்டுப் போயிற்றாம். மாட்டு வண்டியிலும், பின்னர் பேருந்திலுமாக அவரை யாழ்ப்பாணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். “தம்பி, அது கரடியின்ர பிழையில்லை. அது தன்ர பழத்தைத் தின்னுகொண்டு நிண்டது.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் நண்பர் தாம் அறிந்த ஆய்வொன்றைக் கூறினார். அலாஸ்காவிலே 1883 முதல் 2009 வரை துவக்கு வைத்திருந்தோர் கரடியை எதிர்ப்பட்ட 269 நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2012 இலே வெளியிட்டிருக்கின்றனர். 229 நிகழ்ச்சிகளிலே துவக்கைப் பயன்படுத்தினர். 40 இலே கையிலிருந்தும் பயன்படுத்தவில்லை. காயமும் மரணமும் இரு திறத்தார்க்கும் வேறுபாடின்றியே இருந்தன. துவக்கு வலியதாயிருந்துங்கூட, நிமிட நேரத்துக்குள்ளே எடுத்து, குறிபார்த்து, சுடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகின்றது. அந்நாட்டார் இப்போது மிளகாய்க் காரத்தைப் புட்டியிலடைத்துப் பீச்சுகின்றனராம். மிளகாயென்றதும் அம்மானுடைய முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லையே.

நமது நாட்டுக் கரடி அலாஸ்காக் கரடியைப்போற் பெரியதன்று. மாட்டையும் மானையுங் கொன்று தின்பதுமன்று. கறையானும், தேனும், பழமுமே அதற்கு உணவு. மேல்வாயின் முன்பற்கள் இரண்டு இல்லாத இடைவெளியினூடாகப் புற்றிலுள்ள கறையானை உறிஞ்சியெடுக்கும். அவ்வுறிஞ்சல் ஓசை நெடுந்தூரங் கேட்கும். அதனாலேயே ஆள் வரும் அரவம் அதற்குக் கேட்பதில்லை. திடீரென்று அருகிலே கண்டதும் வெருண்டு பாய்கின்றது. குட்டியை முதுகிற் சுமந்து வருந் தாய்க்கரடி இன்னுங் கொடிது. காடு சுருங்கச் சுருங்க அதன் தொகையுஞ் சுருங்கிற்று. 1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அது காக்கப்படும் விலங்கு.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இந்தக் கரையோரமாகவே போவதுண்டு. அவர்கள் கடக்கும் யாலைக் காட்டிலுங் கரடி உண்டு. அவர்களிடம் வேல் இருக்கின்றது, துவக்கு இல்லை. கூட்டமாகச் சேர்ந்து ‘அரோகரா’ என்று முழங்கிக்கொண்டு செல்கின்றனர். எமது தாயார் ஒருமுறை அவ்வாறு சென்று வந்தவர். காட்டிலே என்ன கண்டீர்கள் என்று கேட்டால், “தூசிதான் கண்டது” என்பார்.

இனி விண்ணப்பம். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தோம். “கரடி முதலிய கொடிய விலங்குகளினின்றும் உயிரையும் பயிரையுங் காத்தற்பொருட்டு” என்று அழகாகத் தொடங்கியிருந்தோம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழே அனுமதி ஆளுக்குரியது. வீட்டுக்குரியதன்று என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அம்மான் பெயரில் வருந் துவக்கை அவருடைய பேரன் காட்டுக்குக் கொண்டுபோனால் அது குற்றம். அவரோ, உள்ள ஒரு கண்ணிலும் பார்வை மங்கியவர். இதைச் சொல்லும்போது எமக்கு நாக் கூசியது.

“அப்ப அனுமதி இல்லாத இடியனும் கட்டுத்துவக்கும் ஏன் இவ்வளவு கிடக்குது?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பியைக் குறுக்கே கட்டி, தட்டுப்படுவதை வெடிக்கவைக்குங் கட்டுத்துவக்குக்குப் பன்றியென்றும் மனிதனென்றும் தெரியாது. அயலிலே அவ்வாறு ஒரு பசு காலிழந்தது. அனுமதி கிடையாதவர் அதைத்தான் நாடுகின்றனர் என்பது அவருடைய கட்சி. நாமும் மறுக்கவில்லை. பன்றி ஓரிரவிலே ஒரு போகத்து மரவள்ளியைக் கிளறிவிட்டுப் போகின்றது. அதற்கு அவரை என்ன செய்யச் சொல்வது?

நெடுநேரம் பேசியபின் எமது பேனையை வாங்கி, “கரடி முதலிய கொடிய” என்னுஞ் சொற்களைத் தாமே வெட்டினார். “உயிரையும்” என்பதையும் வெட்டினார். ‘பன்றி’ என்று மேலே எழுதச் சொன்னார். விண்ணப்பகாரரின் பெயரை மட்டும் வெறுமையாக விடச் சொன்னார். தம் மகனின் பெயரா தமதா என்பதைப் பாலைப்பழம் ஓய்ந்தபின் யோசிப்பாராம். கடிபட்ட இளைஞனைப் பற்றிக் கேட்டோம். கை தேறி வருகிறதென்றும், இப்போது தனியே போவதில்லையென்றும் சொன்னார்.

பொழுது சாயுமுன் அவர் புறப்பட்டார். மோட்டார் சைக்கிளிலே பேரன் வந்திருந்தான். ஒற்றையடிப்பாதை தொடங்குமிடத்திலே பேரன் வேகத்தைக் குறைத்தான். அம்மான் பின்னிருக்கையில் இருந்தபடியே பையினுள்ளிருந்து பழைய எண்ணெய்த் தகரமொன்றையும் ஒரு தடியையும் எடுத்தார். “இது எத்தனை போர் அப்பு?” என்று பையன் கத்தினான். அவர் திரும்பிப் பாராமல் தகரத்தைத் தட்டத் தொடங்கினார். கண்ணாப் புதர்களுக்கு அப்பால் உருவம் மறைந்தபின்னும், நாம் வண்டியைத் திருப்பி மணலிலிருந்து மேலேற்றும்வரை, அந்த ஓசை கேட்டுக்கொண்டேயிருந்தது.